மலையில் எழும் குதிரை வீரர்

சிற்பம் என்று சொன்னவுடன் செதுக்கி முடிந்த பொருளொன்றே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. சிற்பியின் உளி ஓய்ந்து, சாரம் பிரித்து, திரையும் விலகிய பின்னரே அதனைக் காண நாம் அழைக்கப்படுகிறோம். ஆனால், செதுக்கத் தொடங்கி முக்கால் நூற்றாண்டு கடந்தும் முடிவுறாத சிற்பம் ஒன்று உலகில் உண்டு. அதனைக் காண ஆண்டுதோறும் பத்து இலட்சம் மக்களுக்கு மேல் வருகின்றனர். அவர்கள் காண்பது முழுமை பெற்ற கலைப்பொருள் அன்று. வெறும் மலையும் அன்று. ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருக்கும் நிலையையே அவர்கள் காண்கின்றனர். அச்சிற்பத்தை நான் இருமுறை கண்டிருக்கிறேன். முதன்முறை 1996-ஆம் ஆண்டில், மறுமுறை 2023-ஆம் ஆண்டில். இடைப்பட்ட காலத்தில் மலை மாறியிருந்தது. அதனைக் குறித்து என் உள்ளத்தில் எழுந்த கேள்வியும் மாறியிருந்தது. இவ்விரண்டு மாற்றங்களையும் மாணவ நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடநடுப் பகுதியில் தெற்கு டக்கோட்டா என்னும் மாநிலம் இருக்கிறது. பெரும்பாலும் புல்வெளியாகப் பரந்து கிடக்கும் அம்மாநிலத்தின் மேற்கு எல்லையில், தீவு போலத் தனித்து எழுகிறது ஒரு மலைத்தொகுதி. அதனைப் பிளாக் ஹில்ஸ், அதாவது கருங்குன்றுகள் என்பர். குன்றுகள் கரியவை அல்ல. அவற்றைப் போர்த்திருக்கும் பைன் மரக் காடுகள் தொலைவிலிருந்து கருமையாகத் தோன்றுகின்றன, அவ்வளவே. அந்நிலத்தின் பழங்குடியினரான லக்கோட்டா மக்களும் தம் மொழியில் 'பஹா சாப்பா' என அதே பொருளில்தான் அழைக்கின்றனர். இம்மலைகளின் நடுவே இருப்பது கருங்கல். ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் ஆழத்தில் பாறைக் குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உண்டானது அக்கல். மேலே மூடியிருந்த அடுக்குகள் காற்றாலும் மழையாலும் அரிக்கப்பட்டுப் போக, கருங்கல் சிகரங்கள் வெளிப்பட்டன.

இக்கருங்கல்லில் இரண்டு பெருஞ் சிற்பங்கள் உள்ளன. ஒன்று, ரஷ்மோர் மலையில் செதுக்கப்பட்ட நான்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் தலைகள். வாஷிங்டன், ஜெபர்சன், தியோடர் ரூஸ்வெல்ட், லிங்கன் ஆகிய நால்வரின் முகங்களை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். மற்றொன்று, அங்கிருந்து சுமார் 17 மைல் தொலைவில், கஸ்டர் என்னும் ஊருக்கு வடக்கே உருவாகிவரும் கிரேசி ஹார்ஸ் நினைவுச் சின்னம். இன்று நாம் பேசப்போவது இந்த இரண்டாவது சிற்பத்தைப் பற்றி.

கிரேசி ஹார்ஸ் என்பவர் யார்? செவ்விந்தியர் என்று நம் பழைய பாடநூல்கள் குறிப்பிட்ட அமெரிக்கப் பூர்வகுடிகளுள், லக்கோட்டா இனத்தின் ஓக்லாலாக் கிளையில் 1840-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர் அவர். தம் மொழியில் அவருக்கு வழங்கிய பெயர் தஷுங்கே விட்கோ. கட்டுக்கு அடங்காத குதிரையை உடையவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1868-ஆம் ஆண்டில் லாரமி கோட்டையில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, கருங்குன்றுகள் லக்கோட்டா மக்களுக்கே உரியவை என்று அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது. ஆயினும், 1874-ஆம் ஆண்டில் கஸ்டர் என்னும் படைத்தலைவர் அம்மலைகளுக்குள் படையுடன் சென்றபோது அங்கே பொன் இருப்பது தெரியவந்தது. அதன்பின் பொன் தேடுவோர் வெள்ளம்போல் புகுந்தனர். உடன்படிக்கை ஏட்டளவில் நின்றது. போர் மூண்டது. 1876-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் நாள், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரும், அவர் நேரே நடத்திச் சென்ற படைப்பிரிவினரும் மடிந்தனர். அப்போரில் முன்னின்று பொருத வீரர்களுள் ஒருவர் கிரேசி ஹார்ஸ். ஆனால், வெற்றி நிலைக்கவில்லை. எருமைக் கூட்டங்கள் அழிந்தன, பசி வாட்டியது. 1877-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் தம் மக்களுடன் ராபின்சன் கோட்டையில் சரணடைந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், அங்கே அவரைச் சிறையிட முயன்றபோது, படைவீரன் ஒருவனின் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்துண்டு உயிர் நீத்தார். கருங்குன்றுகளை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டதும் அதே ஆண்டில்தான்.

இத்தகைய வீரருக்கு மலையில் சிலை வடிக்கும் எண்ணம் எவ்வாறு பிறந்தது? ரஷ்மோர் மலையில் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், ஹென்றி ஸ்டாண்டிங் பேர் என்னும் லக்கோட்டாத் தலைவர் அதனைக் கண்டு சிந்தித்தார். தங்கள் இனத்திலும் மாவீரர்கள் உண்டு என்பதை வெள்ளையர் அறியவேண்டும் என விரும்பினார். 1939-ஆம் ஆண்டில் கோர்ச்சாக் ஜியோல்கோவ்ஸ்கி என்னும் சிற்பிக்குக் கடிதம் எழுதினார். போலந்து வழியினரான அச்சிற்பி பாஸ்டன் நகரில் 1908-ஆம் ஆண்டில் பிறந்தவர்; இளமையிலேயே பெற்றோரை இழந்தவர்; எந்தப் பள்ளியிலும் சிற்பம் பயிலாமல் தாமே கற்றுத் தேர்ந்தவர். ரஷ்மோர் மலையில் சிறிது காலம் வேலை செய்த பழக்கமும் அவருக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பணிபுரிந்து திரும்பிய அவர், 1947-ஆம் ஆண்டில் கருங்குன்றுகளை வந்தடைந்தார். 1948-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் முதல் வெடி வெடிக்கப்பட்டது. பத்து டன் பாறை பெயர்ந்து விழுந்தது. லிட்டில் பிக்ஹார்ன் போரைக் கண்டு எஞ்சியிருந்த முதியவர் ஐவர் அன்று அங்கே வந்திருந்தனர் என்பது நினைவுகூரத் தக்கது.

அவர் திட்டமிட்ட உருவம் யாதெனில், குதிரைமேல் அமர்ந்த வீரர் தம் இடக்கையை நீட்டித் தொலைவைச் சுட்டிக்காட்டும் தோற்றம். நிலமெல்லாம் பறிபோன பின்னர், உன் நிலம் எங்கே என்று ஒருவன் ஏளனமாகக் கேட்டபோது, என் முன்னோர் புதையுண்டு கிடக்கும் இடமெல்லாம் என் நிலமே என்று கிரேசி ஹார்ஸ் கைநீட்டி விடையிறுத்ததாக ஒரு வழக்கு உண்டு. அதனையே சிற்பி கருவாகக் கொண்டார். சிற்பம் முற்றுப்பெறின் அதன் நீளம் 641 அடி. உயரம் 563 அடி. அமெரிக்கத் தலைநகரில் விண்ணை அளாவி நிற்கும் வாஷிங்டன் தூண் 555 அடியே என்பதை எண்ணினால் இதன் அளவு விளங்கும். ரஷ்மோர் மலையில் ஒவ்வொரு தலையும் 60 அடி; இவ்வீரரின் முகம் மட்டும் 87 அடி 6 அங்குலம்; குதிரையின் தலையோ 219 அடி. மேலும், ரஷ்மோர் சிற்பம் மலையின் ஒரு பக்கத்தில் புடைத்து நிற்பது. இதுவோ எல்லாப் பக்கமும் செதுக்கப்பட வேண்டிய முழு உருவம். எனவே, வேலை பன்மடங்காகிறது.

இனி, மலையை எவ்வாறு செதுக்குகின்றனர் என்பதைப் பார்ப்போம். முதலில் வெண்சாந்தினால் ஒரு மாதிரி உருவம் செய்யப்பட்டது. அது உண்மை அளவில் முப்பத்து நான்கில் ஒரு பங்கு. மாதிரியில் ஓர் அங்குலம் என்பது மலையில் 34 அங்குலம், அதாவது 2 அடி 10 அங்குலம். மாதிரியை அளப்பதில் ஓர் அங்குலம் தவறினால், மலையில் ஒரு முழு மூக்கு நுனியே போய்விடும். களிமண்ணில் வடிப்பவர் தவறிய இடத்தில் மீண்டும் மண்ணை அப்பலாம். மலையிலிருந்து எடுத்த கல்லை ஒருபோதும் திரும்ப ஒட்ட இயலாது. ஆதலால், அளவையே இவ்வேலையின் உயிர்நாடி. முற்காலத்தில் நீண்ட கோலும் தூக்குக் குண்டும் கோணமானியும் கொண்டு, மாதிரியில் ஒரு புள்ளியின் இடத்தை அளந்து, அதனைப் பெருக்கி மலையில் குறித்தனர். இன்று லேசர் ஒளிக்கற்றையால் பாறைப் பரப்பு முழுவதையும் அளந்து, கணிப்பொறியில் மாதிரியோடு ஒப்பிடுகின்றனர்.

அளந்தபின் பாறையைத் துளையிட்டு வெடிவைத்துப் பெயர்க்கின்றனர். வேலை மேலிருந்து கீழ்நோக்கியே நடைபெறும். விழும் கல், செதுக்கி முடித்த பகுதியைச் சிதைத்துவிடக் கூடாதன்றோ! இறுதிப் பரப்பிலிருந்து வெகுதொலைவில் இருக்கும்போது பெருவெடிகள் பயன்படும். நெருங்க நெருங்க வெடியின் அளவு குறையும். கடைசிச் சில அடிகளில், அருகருகே வரிசையாகத் துளையிட்டு, ஆப்பு அறைந்து கல்லைப் பிளந்தெடுப்பர். இறுதியில் பரப்பை வழவழப்பாக்குவதற்குக் கடுந்தீயைப் பீய்ச்சும் கருவியைக் கையாள்வர். தீ கல்லை உருக்குவதில்லை. மேற்பரப்பு திடீரெனச் சூடேறி விரிகிறது; உட்பகுதியோ குளிர்ந்தே இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தாங்கமாட்டாமல் மேலேடு செதில் செதிலாகத் தெறித்து விழுகிறது. வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்று நீங்கள் வகுப்பில் படிக்கும் விதியே ஒரு வீரரின் கன்னத்தை மெருகிடுகிறது.

எவ்வளவு அளந்தாலும், பாறையின் உள்ளே ஓடும் வெடிப்புகளை முன்னரே முற்றும் அறிவது அரிது. ரஷ்மோர் மலையில் ஜெபர்சனின் முகத்தை முதலில் வாஷிங்டனின் வலப்புறத்தே தொடங்கினர். அங்கே கல் நன்றாக அமையவில்லை. 1934-ஆம் ஆண்டில் அதனை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, மறுபுறத்தில் புதிதாகச் செதுக்கினர். கிரேசி ஹார்ஸ் மலையிலும் வெடிப்புள்ள இடங்களில் எஃகுத் தண்டுகளைச் செலுத்திப் பாறையைப் பிணைக்க வேண்டியிருக்கிறது.

ரஷ்மோர் சிற்பம் 1927-இல் தொடங்கி 1941-இல் நின்றது, பதினான்கே ஆண்டுகள். ஏறத்தாழ 400 பேர் உழைத்தனர். செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. இங்கோ தொடக்கத்தில் உழைத்தவர் ஒருவரே. ஜியோல்கோவ்ஸ்கி 741 படிகள் கொண்ட மரப்படிக்கட்டைத் தம் கையாலேயே மலையுச்சி வரை அமைத்தார். துளைக்கருவிக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பழைய இயந்திரம் அடிவாரத்தில் இருந்தது. அது நின்றுவிடும்போதெல்லாம் அத்தனை படிகளும் இறங்கி அதனை ஓட்டிவிட்டு மீண்டும் ஏறவேண்டும். அரசு ஒரு கோடி டாலர் தர முன்வந்ததை இருமுறை மறுத்துவிட்டார். அரசின் கை படாமல் மக்கள் தரும் பொருளாலேயே இது நடைபெற வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றும் நுழைவுக் கட்டணமும் நன்கொடையுமே இப்பணியை நடத்துகின்றன. தம் வாழ்நாளில் முடியாது என்பதை உணர்ந்திருந்த அவர், பின்வருவோருக்காக விரிவான திட்டக் குறிப்புகளை மனைவி ரூத்துடன் சேர்ந்து எழுதி வைத்தார். 1982-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தபோது மலையில் முகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அவர் தாமே அமைத்துக்கொண்ட கல்லறையில், அம்மலையடிவாரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அதன்பின் பொறுப்பேற்ற ரூத் அம்மையார் ஒரு துணிவான முடிவு செய்தார். குதிரைத் தலையை முதலில் செதுக்குவது என்றிருந்த திட்டத்தை மாற்றி, வீரரின் முகத்தை முதலில் முடிக்கச் சொன்னார். முகம் சிறியது, விரைவில் முடியும், ஒன்று முடிந்ததைக் கண்டால் மக்களுக்கு மற்றதிலும் நம்பிக்கை பிறக்கும் என்பது அவர் கருத்து. நான் முதன்முறை சென்ற 1996-ஆம் ஆண்டில் அந்த முகம் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து மலை ஏறத்தாழ ஒரு மைல் தொலைவு. முன்னே வெண்ணிற மாதிரி, பின்னே மலை. மாதிரியில் எல்லாம் இருந்தது. மலையில் கரடுமுரடான பாறைக்கு இடையே ஒரு முகம் மட்டும் வெளிவந்துகொண்டிருந்தது. ஒரு குடும்பத்தின் விடாமுயற்சி என்னைப் பெரிதும் கவர்ந்தது. இது எப்போது முடியும் என்பதே அன்று என் கேள்வி. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1998-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், முதல் வெடி வெடித்த ஐம்பதாம் ஆண்டு நிறைவில், முகம் முடிந்து திறந்துவைக்கப்பட்டது.

2023-ஆம் ஆண்டில் மீண்டும் சென்றபோது ரூத் அம்மையார் இல்லை. அவர் 2014-ஆம் ஆண்டில் காலமாகிவிட்டார். வேலை இப்போது பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கையில் இருந்தது. முகத்துக்குக் கீழே, நீட்டிய கையின் மேற்புறமும் சுட்டுவிரலும் தெளிவாகத் தெரிந்தன. குதிரையின் பிடரி தொடங்கும் இடத்திலும் வேலை நடந்துகொண்டிருந்தது. குதிரையின் முகமோ இன்னும் பாறைக்குள்ளேதான் இருந்தது. இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு கை! முழுச் சிற்பமும் முடிய நாள் எதுவும் குறிக்கப்படவில்லை.

மற்றொரு மாற்றம் மலையில் அன்று, வரைபடத்தில் இருந்தது. இப்பகுதியின் மிக உயர்ந்த சிகரம் 7,242 அடி உயரமுடையது. முதன்முறை நான் சென்றபோது அதற்கு ஹார்னி சிகரம் என்று பெயர். ஹார்னி என்பவர் 1855-ஆம் ஆண்டில் லக்கோட்டா மக்களின் குடியிருப்பைத் தாக்கிப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற படைக்குத் தலைமை தாங்கியவர். 2016-ஆம் ஆண்டில் அப்பெயரை நீக்கி, பிளாக் எல்க் என்னும் லக்கோட்டா ஞானியின் பெயரைச் சிகரத்துக்கு இட்டனர். ஒரு சிகரத்தின் பெயரே இவ்வளவு சுமையுடையதாயின், ஒரு மலையின் உருவத்தை மாற்றுவது எத்தகையது என்ற எண்ணம் என்னுள் எழுந்தது. எப்போது முடியும் என்று கேட்ட நான், இது யாருக்காக என்று கேட்கத் தொடங்கினேன்.

இக்கேள்விக்கு லக்கோட்டா மக்களிடையே ஒரே விடை இல்லை. வேண்டும் என்போர் சொல்வது இது: இப்பணியைத் தொடங்கச் சொன்னவர் எங்கள் தலைவரே. ரஷ்மோர் மலையை எங்கள் முன்னோர் ஆறு பாட்டனார் என்னும் பொருள்பட அழைத்தனர். அதில் வேற்றவர் முகங்கள் செதுக்கப்பட்டுவிட்டன. அதற்கு எதிரே எங்கள் வீரர் முகமும் உலகுக்குத் தெரியட்டும். சிற்பத்தின் அடிவாரத்தில் பூர்வகுடிகளின் கலைப்பொருள்கள் நிறைந்த அருங்காட்சியகம் இருக்கிறது; எங்கள் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடைக்கிறது; 2010-ஆம் ஆண்டு முதல் கல்லூரிப் படிப்புக்கும் அங்கே வழி செய்யப்பட்டிருக்கிறது.

வேண்டாம் என்போர் கூற்றும் எளிதில் தள்ளத்தக்கதன்று. கிரேசி ஹார்ஸ் தம்மைப் புகைப்படம் எடுக்க இசையாதவர். ஐயத்துக்கு இடமின்றி அவருடையது என்று ஏற்கப்பட்ட படம் ஒன்றுகூட இல்லை. ஆகவே, மலையில் உள்ள முகம் அவருடைய முகம் அன்று. சிற்பி எண்ணிப் பார்த்த முகம். அவருடைய உடலைப் பெற்றோர் எங்கே அடக்கம் செய்தனர் என்பதும் மறைவாகவே வைக்கப்பட்டது. உருவத்தையும் கல்லறையையும் மறைத்துக்கொண்ட ஒருவருக்கு உலகிலேயே பெரிய உருவம் எதற்கு என அவர்கள் வினவுகின்றனர். அவருடைய வழிவந்தோர் எல்லாரையும் கலந்து செய்தது அன்று இம்முடிவு என்கின்றனர் சிலர். விரலால் சுட்டிக்காட்டுவது எங்கள் வழக்கில் பண்பன்று என்கின்றனர் வேறு சிலர். எல்லாவற்றுக்கும் மேலாக, மலையே புனிதமானது. அதனை வெடிவைத்துப் பிளந்து அதன்மேல் வீரரைப் போற்றுவது எவ்வாறு பொருந்தும் என்பது அவர்களுடைய அடிப்படைக் கேள்வி.

இவ்விடத்தில் இன்னொரு செய்தியையும் நீங்கள் அறிதல் வேண்டும். கருங்குன்றுகள் லக்கோட்டா முதலான சூ மக்களிடமிருந்து முறையற்று எடுக்கப்பட்டன என்றும், அதற்கு ஈடு தரவேண்டும் என்றும் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1980-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வட்டியுடன் அன்று கணக்கிடப்பட்ட தொகை பத்துக் கோடி டாலருக்கு மேல். அம்மக்கள் அதனைப் பெற்றுக்கொள்ளவில்லை. மலைகள் விற்பனைக்கு உரியவை அல்ல, நிலமே வேண்டும் என்றனர். வாங்கப்படாத அத்தொகை வளர்ந்து இன்று நூறு கோடி டாலரையும் தாண்டி நிற்கிறது. அண்மையில் இருக்கும் பைன் ரிட்ஜ் ஒதுக்கிடத்தில் வாழும் ஓக்லாலா மக்கள் அந்நாட்டின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றில் வாழ்கின்றனர். வறுமையிலும் அவர்கள் அப்பணத்தைத் தொடவில்லை. கல்லில் நீண்டிருக்கும் கை எதனைச் சுட்டுகிறதோ, அதனையே இந்த மறுப்பும் சுட்டுகிறது என்று எனக்குத் தோன்றியது.

அப்படியாயின் இச்சிற்பத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாழ்நாளில் முடியாது என்று தெரிந்தே தொடங்கி, படி ஏறி இறங்கி உழைத்த அச்சிற்பியின் உறுதியை நான் இன்றும் போற்றுகிறேன். ஆயினும், உழைப்பு பெரிது என்பதனாலேயே செயல் சரியானது என்று முடிவு கட்டிவிட முடியாது. அதற்கு விடை சொல்லும் உரிமை முதலில் அந்நிலத்துக்கு உரிய மக்களுக்கே உண்டு. அவர்கள் இன்னும் தமக்குள் விவாதித்துக்கொண்டிருக்கின்றனர். அந்த விவாதம் முடிவதற்குமுன் மலை முழுவதும் செதுக்கப்படாமல் இருப்பதை ஒரு குறையாக நான் இப்போது கருதவில்லை.

முடிந்துவிட்டதாகத் தோன்றும் சின்னங்களும் முடிந்தவை அல்ல. ரஷ்மோர் மலையின் நால்வரையும் இடுப்பளவு வரை செதுக்குவதே சிற்பி போர்க்லமின் எண்ணம். 1941-ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் இறந்தார், பொருளும் தீர்ந்தது, தலைகளோடு வேலை நின்றது. நாம் முழுமை என்று எண்ணிப் பார்ப்பது அங்கும் நின்றுபோன வேலையையே.

மாணவ நண்பர்களே, வரலாற்று நூல்களிலும் பயணங்களிலும் பெரும் நினைவுச் சின்னங்களை நீங்கள் பல காண்பீர்கள். அவற்றின் உயரத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வாறு செய்தனர் என்பதையும் கேட்டறியுங்கள். அறிவியல் கற்பவருக்கு அதில் நிறையப் பாடம் உண்டு. அதனோடு, அந்தக் கல் அங்கே நிற்பதற்கு முன்னர் அவ்விடம் யாருடையதாக இருந்தது, அவர்கள் இன்று அதனைக் குறித்து என்ன சொல்கின்றனர் என்பதையும் கேளுங்கள். கருங்குன்றுகளுக்குப் போகும் வாய்ப்பு உங்களுள் எவருக்கேனும் கிட்டுமானால், அப்போது குதிரையின் முகம் ஓரளவேனும் பாறையிலிருந்து வெளிவந்திருக்கக் கூடும். அதனைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். பைன் ரிட்ஜுக்கும் செல்லும் பாதை அருகிலேயே இருக்கிறது.